நிகர எடை

காலை நாலரைக்கு முதல் டிப்பர்.
சித்திரங்கோடு எடைமேடையில்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ஒரு மலையின் இன்றைய பங்கு.
வண்டி எடை, மொத்த எடை, நிகர எடை.
பொருள் என்ற கட்டத்தில்
பதினோரு வருடமாக ஒரே சொல்:
கல்.

குவாரியில் வெடி வைக்கிற நாளில்
தூள் வந்து இறங்கும்,
பேரேட்டில், விசைப்பலகையில்,
ஆறிப்போன சாயாவின் ஆடையில்.
துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

ஐடா மலர் வந்தது அப்படியொரு நாளில்.
ஸ்கூட்டரில் சுத்தியல், கழுத்தில் தொங்கும் லென்ஸ்.
வரிசையில் ஏழாவதாக நின்ற
டென்சிங்கின் வண்டியில் ஏறிவிட்டாள்.
"இறங்கு மக்கா, லோடு சரியும்!"
அவன் கத்தியது கேட்கவில்லை.
"இந்தக் கல்லு எனக்கு" என்றாள்,
ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டவள் குரலில்.

சிவப்புப் பொட்டு இறைந்த கல்.
நடுவில் வெளுத்த ஒரு பட்டை, விரலகலம்.
சிவப்பு கார்னெட், அது எனக்கும் தெரியும்.
வெளுப்பு?
"சாம்பலா இருந்திருக்கணும்."
எந்த அடுப்புல, என்றான் டென்சிங்.

அவள் சொன்னதில்
எனக்குப் பிடிபட்டது இவ்வளவு:
இந்தக் கல் முதலில் சேறு.
பெயர் வைக்க ஆளில்லாத ஒரு கடலடியில்
அவசரமில்லாமல் படிந்துகொண்டிருந்தது.
எங்கோ ஒரு எரிமலை வெடித்தது.
இரண்டு நாளோ, ஒரு வாரமோ
வானம் உதிர்ந்தது.
மறுபடியும் சேறு.
மடகாஸ்கர் அன்றைக்குப் பக்கத்து வீடு.
நிலங்கள் நெருங்க நெருங்க
கடல் மூடிக்கொண்டது,
இடுக்கில் மாட்டியவை மடிந்து மடிந்து
கீழே போயின.
நாகர்கோவிலிலிருந்து குமரிமுனை எவ்வளவு தூரம்,
அவ்வளவு, நேர்கீழாக.
அங்கே வெந்து, சேற்றில் கார்னெட் முளைத்தது.
மேலே பனி தங்குகிற உயரத்தில் மலை.
ஐம்பத்தைந்து கோடி வருட மழை
அதைக் கரைத்துக் கடலுக்கே கொடுத்துவிட்டது.
"வேளிமலைன்னு நாம பாக்கறது
அதுக்க வேரு."

"வேரையும் விட்டுவைக்கல, பாத்தியா" என்றான் டென்சிங்.
அவன் வண்டிக்கு மாதத் தவணை பாக்கி.

சாம்பல் எவ்வளவு பழசு என்று கேட்டேன்.
தெரியாதாம்.
அந்தப் பட்டைக்குள் சிர்கான் மணிகள் இருக்கும்,
எரிமலைக்குள்ளேயே பிறந்தவை;
நெருப்பும் அழுத்தமும் மேலே தோலை மாற்றினாலும்
உள்ளே பழைய கணக்கை வைத்திருக்கும்.
இருபது மணி போதும் என்றாள்.
என் மச்சான் மணவாளக்குறிச்சியில்
அதை மூட்டை மூட்டையாய்க் கட்டுகிறவன்.
இருபது மணிக்காக ஒருத்தி
டிப்பரில் ஏறுவாள் என்று
அவனிடம் சொன்னால் நம்பமாட்டான்.

சிக்கல் என்னவென்றால் சீட்டு அடித்தாயிற்று.
எல்லைக்கு அந்தப் பக்கம் மறுபடி எடை போடுவார்கள்.
குறைந்தால் டென்சிங்கின் தலை.
அவள் யோசித்தாள்.
பட்டையை மட்டும் பெயர்த்து எடுத்தாள்,
அரைமணி நேரம்,
பின்னால் ஒன்பது வண்டி ஹாரன் அடிக்க.
பலகை போல ஒரு துண்டு.
என் டிபன் பாத்திரத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

வண்டியை மறுபடி ஏற்றச் சொன்னேன்.
எங்கள் மேடை
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
பொருட்படுத்தாது.
எண் அசையவில்லை.
ஒரு எரிமலை இறங்கிப் போயிருந்தது.
நிகர எடை அதே நிகர எடை.

டென்சிங் கிளம்பினான்.
களியக்காவிளை தாண்டி, துறைமுகத்துக்கு,
அலைதடுப்புக்குக் கடலில் கொட்ட.
ஒருகாலத்துச் சேறு
தண்ணீருக்குத் திரும்புகிறது,
முறையான சீட்டோடு.

அன்று சாயங்காலம் மேசையைத் துடைக்கவில்லை.
மறுநாளும் வெடி. அதற்கும் மறுநாள்
மழை தூறியது, சன்னல் வழியே செம்மண் நீர்.
நாலாம் நாள் பிளேடால் கீறிப் பார்த்தேன்:
வெள்ளை, வெள்ளை, சிவப்பு.
மேனேஜர் திட்டினார். துடைத்தேன்.

நேற்று அவளிடமிருந்து செய்தி:
இருபத்து மூன்று மணி கிடைத்ததாம்.
எண்ணிச் சொல்லும் எந்திரம் வேறு ஊரில்,
அதன் முன்னே வரிசை,
ஆறு மாதம் ஆகும், மன்னிக்கவும்.

பரவாயில்லை என்று எழுதினேன்.
எனக்கு வரிசை பழக்கம்.